முப்பதா, தொண்ணூறா? 'தி ஆர்வில்' தொடரும் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு மதிப்பெண்களும்

ஒரே தொடர், ஒரே சீசன். விமர்சகர் கணக்கில் சுமார் 30 சதவீதம், பார்வையாளர் கணக்கில் 90-க்கு மேல். 2017-இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய 'தி ஆர்வில்' என்ற விண்வெளி நகைச்சுவைத் தொடரைப் பார்க்கலாமா என்று, விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தைத் திறப்பவர் முதலில் இந்த இரண்டு எண்களில்தான் முட்டிக்கொள்கிறார்.

உடனே எழும் சந்தேகம் இரண்டு வகை. விமர்சகர்களுக்கு ரசனை செத்துவிட்டதா? அல்லது ரசிகர்கள் கூட்டமாக வந்து ஓட்டுக் குத்திவிட்டார்களா? இரண்டுக்கும் அவசியமே இல்லை. இரு தரப்பும் நேர்மையாகவே மதிப்பெண் போட்டிருந்தாலும் இவ்வளவு பெரிய இடைவெளி வரலாம். அது எப்படி என்று பார்க்க, எண்ணிலிருந்தே தொடங்க வேண்டும்.

## அந்தச் சதவீதம் எதை அளக்கிறது?

30 சதவீதம் என்றால் நூற்றுக்கு முப்பது மார்க் என்று பலரும் படிக்கிறார்கள். பள்ளிக்கூடப் பழக்கம். உண்மையில் அது மார்க் இல்லை, கை தூக்கியவர்களின் எண்ணிக்கை.

1. விமர்சகர் எழுதிய ஒவ்வொரு விமர்சனமும் 'பரவாயில்லை, பார்க்கலாம்' அல்லது 'வேண்டாம்' என்ற இரண்டில் ஒரு கூடையில் போடப்படும். நடுவில் மூன்றாவது கூடை கிடையாது.

2. 'பார்க்கலாம்' கூடையில் விழுந்தவை மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதுதான் சதவீதம். 60-ஐத் தொட்டால் சிவப்புத் தக்காளி. அதற்குக் கீழே என்றால் நசுங்கிய பச்சைத் தக்காளி.

3. பார்வையாளர் பக்கமும் இதே முறைதான். ஐந்து நட்சத்திரத்துக்கு மூன்றரையோ அதற்கு மேலோ கொடுத்தவர் 'பிடித்தது' கணக்கில் வருவார். மூன்று கொடுத்தவர் 'பிடிக்கவில்லை' கணக்கில் போய்விடுவார், அவர் மனதில் 'சுமார்தான், ஆனால் மோசமில்லை' என்று இருந்தாலும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இதன் கோளாறு தெரியும். பத்து விமர்சகர்கள் ஒரு தொடரைப் பார்த்துவிட்டு எல்லாருமே பத்துக்கு ஆறரை கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேரும் 'பார்க்கலாம்' கட்சி. ஆகவே 100 சதவீதம். இன்னொரு தொடருக்கு ஐந்து பேர் ஒன்பதரை கொடுக்கிறார்கள், மற்ற ஐந்து பேர் ஐந்து கொடுக்கிறார்கள். சராசரி ஏழே கால், முதல் தொடரைவிட அதிகம். ஆனால் தளத்தில் தெரிவது 50 சதவீதம், பச்சைத் தக்காளி. யாரையும் உறுத்தாத சாதாரணத் தொடர் நூறு வாங்கும். பாதிப் பேரைத் தலையில் தூக்கி வைக்கவும் மீதிப் பேரை எரிச்சலடையவும் செய்கிற தொடர் தோற்றுப்போகும்.

நகைச்சுவைக்கு இந்த முறை குறிப்பாகவே ஒத்துவராது. சோகக் காட்சியில் அழுகை வராவிட்டாலும் 'நன்றாக எடுத்திருக்கிறார்கள்' என்று சொல்ல முடியும். ஜோக்குக்குச் சிரிப்பு வராவிட்டால் அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. 'வேண்டாம்' கூடை சீக்கிரம் நிரம்பிவிடும்.

## தொடர் எப்படிப்பட்டது?

கதை நடப்பது 25-ஆம் நூற்றாண்டில். எட் மெர்சர் என்ற விண்கலத் தளபதி வீட்டுக்கு வருகிறார். மனைவி கெல்லி நீல நிற வேற்றுக்கிரகவாசி ஒருவருடன் படுக்கையில் இருக்கிறார். விவாகரத்து. ஓராண்டு கழித்து மெர்சருக்கு 'ஆர்வில்' என்ற நடுத்தர ஆய்வுக்கலம் கிடைக்கிறது. துணைத் தளபதியாக வந்து நிற்பவர் அதே கெல்லி.

இதை எழுதி, தயாரித்து, எட் மெர்சராக நடித்தவர் சேத் மெக்ஃபார்லேன். 1999-இல் தொடங்கிய 'ஃபேமிலி கை' கார்ட்டூன் தொடரையும், 2012-இல் வந்த பேசும் கரடிப் படமான 'டெட்'டையும் செய்தவர். பச்சையான ஜோக், தடாலடிக் கிண்டல் என்றுதான் பெயர். 2013-இல் ஆஸ்கர் விழாவைத் தொகுத்து வழங்கியபோது நடிகைகளைப் பற்றி அவர் பாடிய பாட்டுக்கு நிறையத் திட்டு வாங்கினார்.

இன்னொரு முகமும் அவருக்கு உண்டு. பழைய அமெரிக்க விண்வெளித் தொடர் வரிசையான ஸ்டார் ட்ரெக் மீது தீராத பித்து. 'ஸ்டார் ட்ரெக்: என்டர்பிரைஸ்' தொடரில் இரண்டு எபிசோடுகளில் சின்ன வேடத்தில் தலைகாட்டியவர். ஆர்விலுக்கு ஆள் சேர்த்தபோது, ஸ்டார் ட்ரெக் தொடர்கள் பலவற்றில் எழுத்தாளராகவும் தயாரிப்பாளராகவும் இருந்த பிரானன் பிராகாவைக் கூட்டிவந்தார். 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற ஸ்டார் ட்ரெக் தொடரில் ரைக்கர் என்ற பாத்திரத்தில் நடித்த ஜானதன் ஃப்ரேக்ஸ் முதல் சீசனில் ஒரு எபிசோடை இயக்கினார். கலத்தின் மருத்துவராக வரும் பென்னி ஜான்சன் ஜெரால்டும் 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரைப் பார்த்தவர்களுக்குப் பழகிய முகம்தான்.

விளம்பரம் இதில் எதையும் சொல்லவில்லை. 2017 மே மாதம் வெளியான டிரெய்லர் இதை அப்பட்டமான நகைச்சுவையாகவே விற்றது. முன்னாள் மனைவி, அசட்டு மாலுமிகள், அடுக்கடுக்கான ஜோக். குழப்பத்தின் முதல் விதை அங்கேதான் விழுந்தது.

## விமர்சகர்கள் எதைப் பார்த்து எழுதினார்கள்?

தொலைக்காட்சி விமர்சகருக்கும் திரைப்பட விமர்சகருக்கும் ஒரு பெரிய வித்தியாசம். திரைப்படம் முழுதாகக் கையில் கிடைக்கும். வாரம் ஒன்றாக ஒளிபரப்பாகும் நெட்வொர்க் தொடருக்கு, தொடக்க எபிசோடுகள் ஒருசிலதான் முன்கூட்டித் தரப்படும். முதல் ஒளிபரப்பு நாளன்று விமர்சனம் வந்தாக வேண்டும். பன்னிரண்டு எபிசோடு கொண்ட சீசனுக்கு அதன் முதல் கால் பங்கை வைத்தே தீர்ப்பு எழுதப்படும். மீதி வந்தபின் பெரும்பாலும் யாரும் திருத்தி எழுதுவதில்லை. அதற்குள் அடுத்த தொடர் வாசலில் நிற்கும்.

ஆர்விலின் தொடக்கம் நிஜமாகவே தடுமாற்றம்தான். இதில் விமர்சகர்கள் பக்கமே எனக்குச் சாய்வு. முதல் எபிசோடில் ஒரு காட்சி: எதிரி இனமான கிரில் தளபதி திரையில் தோன்றி மிரட்டுகிறார். ஆனால் அவர் திரையின் ஓரத்தில் நிற்கிறார். எட் பேச்சை நிறுத்தி, கொஞ்சம் நகர்ந்து நடுவில் நிற்க முடியுமா என்று கேட்கிறார். வீடியோ அழைப்பில் பாதி முகத்தைக் காட்டும் சித்தப்பாவிடம் நாம் சொல்வதைப் போல. நல்ல ஜோக், காட்சியிலிருந்தே பிறந்த ஜோக். ஆனால் அதே எபிசோடில் மிரட்டலுக்கு நடுவே மணமுறிவுச் சண்டை, சண்டைக்கு நடுவே அடல்ட் ஜோக் என்று அடுத்தடுத்து வரும்போது, இது ஸ்டார் ட்ரெக்கைக் கிண்டல் செய்கிறதா, அதுவாகவே ஆக ஆசைப்படுகிறதா என்று புரியவில்லை. விமர்சனங்களில் திரும்பத் திரும்ப வந்த புகாரும் இதுவே.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயம். நகைச்சுவைத் தொடர்கள் பார்வையாளருக்குச் சைகை காட்டும். 1988-இல் பிபிசி 2-இல் தொடங்கிய 'ரெட் ட்வார்ஃப்' தொடரும் விண்கலத்தில் நடப்பதுதான். அது அரை மணி நேரத் தொடர்; ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தவர்களின் சிரிப்பொலி கூடவே வரும். எங்கே சிரிக்க வேண்டும் என்பதில் சந்தேகமே வராது. ஆர்விலுக்கு ஒரு மணி நேர ஒளிபரப்பு, பெரிய வாத்தியக்குழு இசை, பழைய விண்வெளித் தொடர்களின் பளிச்சென்ற விளக்கு. சிரிப்பொலி கிடையாது. வடிவம் முழுக்க நாடகத்தின் வடிவம், அதற்குள் ஜோக். நகைச்சுவையை எதிர்பார்த்தவருக்கு ஜோக்குகளுக்கு இடையே நீண்ட வறட்சி. நாடகத்தை எதிர்பார்த்தவருக்கு நல்ல காட்சியின் குறுக்கே ஜோக்.

வெண்பொங்கலில் மிளகு மாதிரி. ஒருவர் பொறுக்கித் தட்டு ஓரத்தில் ஒதுக்கிவைப்பார், ஒருவர் அதற்காகவே சாப்பிடுவார். சமையல்காரர் மாறவில்லை.

## பார்வையாளர்கள் எதைத் தேடி வந்தார்கள்?

இதுதான் முக்கியமான பகுதி. நகைச்சுவையைத் தேடி வந்தவர்கள் பலர் முதல் சில வாரங்களிலேயே கழன்றுகொண்டார்கள். தங்கியவர்கள் தேடிவந்தது வேறு ஒன்று.

1987 முதல் 2005 வரை ஸ்டார் ட்ரெக் தொடர் ஒன்றாவது தொலைக்காட்சியில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' மட்டும் ஏழு சீசன், 178 எபிசோடு. 2005 மே மாதம் 'என்டர்பிரைஸ்' முடிந்தது. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் திரையரங்குப் படங்கள் வந்தன, தொலைக்காட்சியில் எதுவும் இல்லை.

பிறகு ஒரே மாதத்தில் இரண்டு வந்தன. 2017 செப்டம்பர் 10-இல் ஆர்வில். இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 24-இல் அதிகாரபூர்வ வாரிசான 'ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி'. பெயரும் உரிமையும் டிஸ்கவரியிடம் இருந்தன. பழைய ரசிகர் நினைவில் வைத்திருந்த சாயல் ஆர்விலிடம் இருந்தது.

1. பழைய தொடர்களில் வாரம் ஒரு கிரகம், ஒரு சிக்கல், முடிவில் ஒரு தீர்வு. ஆர்வில் அப்படியே செய்தது. டிஸ்கவரி ஒரே கதையைச் சீசன் முழுக்க இழுத்தது.

2. பழைய தொடர்களின் எதிர்காலம் வெளிச்சமானது, மனிதர்கள் திருந்தியிருப்பார்கள். டிஸ்கவரி போரில் தொடங்கியது, இருட்டாக இருந்தது.

3. ஆர்வில் சாதாரண ஒளிபரப்பில் இலவசமாக வந்தது. டிஸ்கவரியின் முதல் எபிசோடு மட்டும் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்தது. மீதியை அமெரிக்கர்கள் பார்க்க வேண்டுமென்றால் கட்டண ஸ்ட்ரீமிங் சேவைக்குப் பணம் கட்ட வேண்டும்.

ஆக, ஆர்விலுக்கு விழுந்த பல நல்ல ஓட்டுகளில் டிஸ்கவரிக்கு எதிரான முணுமுணுப்பும் கலந்திருந்தது. மறுபக்கம் பார்த்தால் தெரியும்: டிஸ்கவரிக்கு விமர்சகர்கள் 80-க்கு மேல் கொடுத்தார்கள்; பார்வையாளர் கணக்கு ஏறக்குறைய பாதியில் நின்றது. இரண்டு தொடர்களின் நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் தலைகீழ் பிம்பம் மற்றது. ஒரு தொடரின் மதிப்பெண்ணை மட்டும் தனியாகப் பார்த்தவருக்கு இது பிடிபடாது.

யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதும் உண்டு. முதல் எபிசோடில் சலித்துச் சேனல் மாற்றியவர் பெரும்பாலும் தளத்துக்குப் போய் நட்சத்திரம் போட மாட்டார். பன்னிரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்தவர் போடுவார். விமர்சகர் பிடிக்காவிட்டாலும் எழுதியாக வேண்டும், அது அவர் வேலை. பார்வையாளர் பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம்.

## மூன்றாவது எபிசோடு

இந்த இரண்டு பார்வைகளும் நேருக்கு நேர் மோதிய இடம் 'அபவுட் எ கேர்ள்' என்ற மூன்றாவது எபிசோடு. கலத்தில் பணிபுரியும் போர்ட்டஸ், மோக்லன் இனத்தவர். அந்த இனத்தில் எல்லாரும் ஆண்களே என்பது அவர்கள் நம்பிக்கை. போர்ட்டஸுக்கும் இணையர் கிளைடனுக்கும் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. உடனே அறுவை சிகிச்சை செய்து ஆணாக்கிவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

போர்ட்டஸும் முதலில் அதைத்தான் கேட்கிறார். அவர் மனம் மாறுவது எந்த விவாதத்தாலும் இல்லை. சக மாலுமிகள் இரண்டு பேர் பீர் பாட்டிலோடு வந்து, சிவப்பு மூக்கு மான்குட்டி ருடால்ஃபின் பழைய கிறிஸ்துமஸ் குழந்தைகள் படத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள். எல்லாரும் கேலி செய்த மூக்குதான் கடைசியில் வழிகாட்டுகிறது. கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போர்ட்டஸ் அதைப் பார்க்கிறார், குழந்தையை அப்படியே விடலாம் என்று முடிவெடுக்கிறார்.

இதை இரண்டு விதமாகப் பார்க்கலாம். இவ்வளவு கனமான விஷயத்தை ஒரு மான்குட்டி பொம்மைப் படத்தால் தீர்ப்பதா என்று ஒருவர் முகம் சுளிப்பார். ஒரு தகப்பன் மனதை எது அசைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அது மான்குட்டியாகவும் இருக்கலாம் என்று இன்னொருவர் நெகிழ்வார். காட்சி ஒன்றுதான். எபிசோடின் முடிவோ இருவரும் எதிர்பாராதது: விவகாரம் மோக்லன் நீதிமன்றத்துக்குப் போகிறது, போர்ட்டஸ் தோற்கிறார், குழந்தைக்கு அறுவை சிகிச்சை நடந்துவிடுகிறது. நகைச்சுவைத் தொடர் என்று உட்கார்ந்தவர் திகைத்துப்போனதில் வியப்பில்லை.

## எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது வேறு கணக்கு

'மக்களுக்குப் பிடித்திருந்தால் பார்வையாளர் எண்ணிக்கை ஏன் சரிந்தது?' என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. முதல் எபிசோடைச் சுமார் 85 லட்சம் பேர் பார்த்தார்கள், இரண்டாவதைச் சுமார் 66 லட்சம் பேர், மூன்றாவதை 40 லட்சத்தை ஒட்டி. பாதிக்குமேல் போய்விட்டது என்று தலைப்பு போட வசதியான சரிவு.

ஆனால் முதல் இரண்டும் ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடிந்த கையோடு ஒளிபரப்பானவை. ஆட்டம் பார்த்துவிட்டு ரிமோட்டைத் தேடாமல் உட்கார்ந்திருந்தவர்களும் அந்த 85 லட்சத்தில் அடக்கம். மூன்றாவதிலிருந்துதான் தொடர் தன் சொந்த இடமான வியாழக்கிழமை இரவுக்குப் போனது. திருவிழாக் கூட்டத்தை வைத்துக் கடை வியாபாரத்தைக் கணக்கிட முடியாது. ஒளிபரப்பு நேரத்தில் பார்க்காமல் பதிவுசெய்து பிறகு பார்ப்பவர்களையும் சேர்த்துத்தான் சேனல் கணக்குப் போடும். சீசன் முடியும் முன்பே, அந்த ஆண்டு நவம்பர் தொடக்கத்தில், ஃபாக்ஸ் இரண்டாவது சீசனுக்குப் பச்சைக்கொடி காட்டியது. பச்சைத் தக்காளி சேனலைத் தடுக்கவில்லை.

## ஓட்டையே கதையாக்கிய வாரம்

இத்தனை ஓட்டுக் குழப்பத்துக்கு நடுவே, 2017 அக்டோபர் 26-இல் வந்த ஏழாவது எபிசோடு 'மெஜாரிட்டி ரூல்'. தற்செயல்தான், ஆனால் அழகான தற்செயல்.

பூமி மாதிரியே இருக்கும் ஒரு கிரகம். எல்லார் சட்டையிலும் ஒரு வில்லை. அதில் மேல் அம்பு, கீழ் அம்பு. எதிரே வருபவரைப் பிடித்தால் மேலே, பிடிக்காவிட்டால் கீழே தட்டலாம். பத்து லட்சம் கீழ் ஓட்டு விழுந்தால் கைது. தொலைக்காட்சி தொலைக்காட்சியாகப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கும் மக்கள் ஓட்டுப் போடுவார்கள். ஒரு கோடியைத் தாண்டினால் மூளையைத் 'திருத்தி' விடுவார்கள். ஆர்வில் மாலுமி லமார், தெருவில் ஒரு தலைவியின் சிலையோடு விளையாட்டாக ஆட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறார்.

அவரை மீட்பது வாதமோ சட்டமோ இல்லை. கலத்திலிருக்கும் இயந்திர மனிதன் ஐசக், அந்தக் கிரகத்தின் செய்தி ஓடையில் லமாரைப் பற்றி உருக்கமான பொய்களை அள்ளிவிடுகிறது: குண்டுப் பையனாகக் கேலிக்குள்ளான பால்யம், போரிலிருந்து திரும்பியவரைத் தாவி வரவேற்கும் நாய். ஒரு கோடிக்கு மயிரிழையில் எண் நின்றுவிடுகிறது. ஜோக்கும் கதையும் தனித்தனியாக ஓடாமல் ஒன்றான எபிசோடு இது. தொடர் தன் நடையைக் கண்டுபிடித்தது இங்கேதான் என்பது என் கணிப்பு. விமர்சனங்கள் வந்து ஆறு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

## இரண்டாவது சீசனின் நூறு

2018 டிசம்பர் 30-இல் தொடங்கிய இரண்டாவது சீசன் விமர்சகரிடம் 100 சதவீதம் வாங்கியது. தொடர் தேறிவிட்டது என்று இதைப் படித்தார்கள். பாதி உண்மை. 2019 பிப்ரவரியில் வந்த 'ஐடென்டிட்டி' என்ற இரண்டு பகுதிக் கதையில், அதுவரை தான் சிரிக்காமல் நம்மைச் சிரிக்க வைத்த ஐசக்கே துரோகியாக மாறியபோது, தொடர் உண்மையாகவே வேறு உயரத்துக்குப் போனது. மறுபாதி கணிதம்: முதல் சீசனுக்கு எழுதியவர்களில் மிகச் சிலரே இரண்டாவதற்கு எழுதினார்கள். பிடிக்காதவர்கள் விலகிவிட, பிடித்தவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். முதல் சீசனில் பார்வையாளர் பக்கம் நடந்த அதே வடிகட்டல், இந்த முறை விமர்சகர் பக்கம்.

2019-இல் ஃபாக்ஸ் குழுமத்தின் பெரும்பகுதியை டிஸ்னி வாங்கியபின், மூன்றாவது சீசன் ஹுலு ஸ்ட்ரீமிங் சேவைக்குப் போனது. பெருந்தொற்றால் தாமதமாகி 2022 ஜூன் 2-இல்தான் வந்தது. எபிசோடுகள் நீண்டன, ஜோக்குகள் குறைந்தன. இப்போது புகார் வேறு பக்கத்திலிருந்து வந்தது: பழைய கலகலப்பு எங்கே என்று கேட்டவர்கள், ஐந்தாண்டு கூடவே இருந்த ரசிகர்கள்.

அந்தச் சீசனின் ஐந்தாவது எபிசோடில், முதல் சீசனில் பிறந்த போர்ட்டஸின் குழந்தை டோப்பா வளர்ந்து நிற்கிறது. ஏதோ சரியில்லை என்று அதற்குத் தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை. தான் பெண்ணாகப் பிறந்ததை அறிந்ததும், திரும்பப் பெண்ணாகவே ஆக வேண்டும் என்கிறது. அறுவை சிகிச்சையைச் செய்வது ஐசக். கிளைடன் வீட்டை விட்டு வெளியேறுகிறார். மான்குட்டிப் படத்தைப் பார்த்துத் தொடங்கிய வழக்குக்கு, ஐந்தாண்டு கழித்து வந்த தீர்ப்பு இது. முதல் சீசனின் பக்கத்தில் பச்சைத் தக்காளி இன்னும் நசுங்கியபடியே கிடக்கிறது. அதை எழுதியவர்கள் பார்த்தபோது டோப்பாவுக்குப் பல்கூட முளைக்கவில்லை.